இன்சூரன்ஸ் உள்ள மாப்பிள்ளை

மகளுக்கு மாப்பிள்ளை தேடத் தொடங்கியபோது புறோக்கரிடம் நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான். சாதகம் பிறகு பார்க்கலாம், படிப்பைப் பிறகு விசாரிக்கலாம், நிறமும் உயரமும் எனக்குத் தேவையில்லை. பெடியன் வேலை செய்யும் கொம்பனி அவனுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் கொடுக்க வேண்டும். அந்த இன்சூரன்ஸ் பெண்சாதிக்கும் செல்ல வேண்டும்.

புறோக்கர் மோட்டார் சைக்கிளில் இருந்து இறங்காமலே என்னைப் பார்த்தார். வலிகாமத்தில் அரைவாசிப் பேருக்குக் கலியாணம் பேசி வைத்த மனிதர்.

"அண்ணை, வீடிருக்கோ, விசா இருக்கோ எண்டு கேப்பினம். குடிப்பாரோ எண்டு கேப்பினம். இன்சூரன்ஸ் இருக்கோ எண்டு கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்."

"நான் செய்யிற எல்லாம் ஊருக்கு முதல்தான். நீர் போய் ஆளைக் கொண்டு வாரும்" என்றேன்.

அப்படிச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. இருக்கக்கூடாதா? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சண்டைக்குள் மயிலிட்டியை விட்டு உடுத்த சாரத்தோடு வெளிக்கிட்டு, சாவகச்சேரிச் சந்தையில் மரத்தூளுக்குள் ஐஸ் கட்டியைப் புதைத்து, சாக்கோடு தலையில் சுமந்து விற்றவன். தண்ணீர் முதுகால் வழிந்து சாரத்தை நனைக்கும். சந்தைச் சனம் சிரிக்கும். இன்றைக்கு மயிலிட்டித் துறையில் இருந்து தொழிலுக்குப் போகும் படகுகளில் பாதிக்கு மேல் என் ஐஸ்தான் ஏறுகிறது. என் கூலர் லொறிகள் கொழும்புக்கு ஓடுகின்றன. அங்கே மீன் எடுக்கிறவர்கள் என் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. லொறியின் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் குளிர் எவ்வளவு என்று காட்டும் இலக்கத்தைப் பார்த்துவிட்டு இறக்குவார்கள். படித்தவன் யாராவது எனக்கு வழி காட்டினானா? இல்லை. இதை எழுதித் தரவும் நான் ஆள் பிடிக்கவில்லை. எழுத்துப் பிழையை மகள் திருத்தினாள். நான் சொன்னதைத் திருத்த விடவில்லை.

எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. பதினொரு வயதில் ஆளே பாதியாக மெலிந்து, குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, ஒரு நாள் வகுப்பில் மயங்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில் சீனி வருத்தம் என்றார்கள். கிழவர்களுக்கு வருகிற வருத்தம் இந்தச் சின்னனுக்கு எப்படி என்று நான் சத்தம் போட்டேன். இது வேறு வகை, இன்சுலின் ஊசி இல்லாமல் இந்தப் பிள்ளை உயிரோடு இருக்காது என்று டொக்டர் சொன்னார். அன்று முதல் ஊசி. ஊசியோடு படித்தாள், ஊசியோடு பட்டம் எடுத்தாள். இப்போது பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை.

சீனி ஏறுவது மெல்லக் கொல்லும். இறங்குவது உடனே கொல்லும். இறங்கும்போது கை நடுங்கும், வியர்க்கும், பசிக்கும். அது உடம்பு ஊதுகிற சங்கு. கனகாலம் ஊசி போட்டவர்களில் சிலருக்கு அந்தச் சங்கு ஊதாமல் போய்விடுமாம். என் பிள்ளைக்கு அப்படித்தான் போனது. ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்தால் ஸ்கூட்டரில் வந்தவள், எந்த அறிகுறியும் தெரியாமலே, றோட்டை விட்டு இறங்கி வெங்காயத் தோட்டத்துக்குள் போய் விழுந்து கிடந்தாள். தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஆட்கள் வாய்க்குள் சோடா ஊற்றி எழுப்பியிருக்கிறார்கள். எதிரே ஒரு பஸ் வந்திருந்தால்? இந்தக் கேள்வியை நான் இன்றைக்கும் முடிக்கிறதில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தச் சென்சர் வந்தது. மேற்கையின் பின்பக்கத்தில் ஒட்டுகிற வட்டமான வெள்ளைச் சாமான். சேட்டுத் தெறியைவிட, அதுதான் பொத்தானைவிட, கொஞ்சம் பெரிது, ஆனபடியால் என் மனிசி அதற்குத் தெறி என்று பேர் வைத்துவிட்டாள். தெறிக்குள் இருக்கும் மயிர் போன்ற கம்பி தோலுக்குள் நிற்கும். ஓயாமல் சீனியைப் பார்த்துப் போனுக்குச் சொல்லும். எழுபதுக்குக் கீழே போனால் போன் அலறும். என்னுடைய கூலர் லொறியில் உள்ள அதே ஏற்பாடுதான்; அதனால் எனக்கு உடனே விளங்கியது. மற்றவர்கள் பிள்ளையின் கையைப் பார்த்து "ஐயோ பாவம்" என்றபோது நான் "நல்ல சாமான்" என்றேன்.

சாமான் நல்லதுதான். ஆனால் ஒரு தெறியின் ஆயுள் இரண்டு கிழமை. பிறகு அது குப்பை. அடுத்ததைக் கொழும்பில் இருந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிநாட்டில் இருந்து வருகிற யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில் காசு இருந்தும் சாமான் இல்லை. விலையை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு ஆசிரியையின் சம்பளம் அதற்கே போய்விடும், சோற்றுக்கு மிஞ்சாது. இத்தனை நாளும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன், ஒரு தடவைகூட முகம் சுளிக்காமல். பிறகு ஒரு நாள் என் நெஞ்சு அடைத்தது. இதயக் குழாய்க்குள் வலைக்கம்பி வைத்துவிட்டார்கள். கட்டிலில் கிடந்து யோசித்தேன். நான் போனால் தெறியை யார் வாங்குவது?

முதலில் இன்சூரன்ஸ் கந்தோருக்குத்தான் போனேன். என் லொறிக்கும் ஐஸ் கொம்பனிக்கும் கன வருடமாக இன்சூரன்ஸ் எழுதுகிற அதே இடம். அங்கே இருக்கும் அதிகாரி என்னைக் கண்டால் எழும்பி நிற்பார்.

"தம்பி, என்ரை பிள்ளையின்ரை கையிலை இருக்கிற சாமானுக்கு ஒண்டு எழுதும்" என்றேன்.

விபரம் முழுவதையும் கேட்டுவிட்டு அவர் பேனையை மூடினார். "ஐயா, அது ஏலாது."

"என்ன ஏலாது? என்ரை பழைய லொறி, என்ஜின் புகைக்குது, அதுக்கு எழுதினனீர்தானே? என்ரை பிள்ளை லொறியிலும் குறைஞ்சதோ?"

"கோவிக்காதேங்கோ ஐயா. லொறி அடிபட்டாலும் படும், படாமலும் விடும். அந்தச் சந்தேகத்துக்குத்தான் நாங்கள் காசு வாங்கிறது. பிள்ளைக்கு இரண்டு கிழமைக்கு ஒருக்கா நிச்சயமா வேணும். நிச்சயமா வாற செலவுக்கு உலகத்திலை ஒருத்தரும் இன்சூரன்ஸ் தரமாட்டினம். உது விபத்தில்லை ஐயா, சோறு மாதிரி."

"கனடாவிலை குடுக்கினமாமே?"

"அங்கை கொம்பனி எல்லாரின்ரையையும் ஒண்டாச் சேத்துக் கட்டுது. வருத்தமில்லாத நூறு பேரின்ரை காசிலை வருத்தக்காரன் ஒருத்தன் தப்புவான். நீங்கள் தனி ஆளா எல்லோ வந்து நிக்கிறியள்."

மனிதர் சொன்னதில் பிழை இல்லை. வருத்தமில்லாத நூறு பேரை நான் எங்கே தேடுவது? கந்தோர்ப் படியால் இறங்கும்போதே எனக்கு வழி தெரிந்துவிட்டது. நூறு பேர் தேவையில்லை. அந்த நூறு பேரோடு வேலை செய்யும் ஒருத்தன் போதும். எங்கள் ஊரில் பெண்ணைப் பெற்றவன் எல்லாம் வெளிநாட்டு மாப்பிள்ளை தேடுகிறான், காணி விற்கிறான், சீதனம் கொடுக்கிறான். நான் அதையே ஒரு காரணத்தோடு செய்யப் போகிறேன். படித்த எத்தனை தகப்பன்மாருக்கு இந்த யோசனை வந்திருக்கும்?

சீதனத்துக்கு ஐஸ் கொம்பனியை விற்பதென்று முடிவு கட்டினேன். கொழும்பில் இருந்து ஒருவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

புறோக்கர் கொஞ்ச நாளில் ஒரு படத்தோடு வந்தார். எங்கள் கரையைச் சேர்ந்த குடும்பம், இடம்பெயர்ந்து பிறகு கனடா போனது. தகப்பன் இல்லை, தாயும் மகனும்தான். பெடியனுக்கு ஒரு பெரிய களஞ்சியத்தில் மேற்பார்வை வேலை.

"இன்சூரன்ஸ்?"

"இருக்கண்ணை. பல்லுக்கும் கண்ணுக்கும்கூட இருக்காம். பெண்சாதிக்கும் செல்லுமாம். ஆனால் தாய்க்காரி திரும்ப ஒண்டு கேட்டவ."

"என்ன?"

"பெண்ணின்ரை தகப்பன் ஐஸ் கொம்பனியை விக்கப் போறாரோ, வைச்சு நடத்தப் போறாரோ எண்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஆசை பாரும் மனிசிக்கு! விக்கிற காசு முழுக்க அவைக்குத்தான் எண்டு சொல்லும். இன்னொண்டு, பெட்டைக்குச் சீனி வருத்தம் எண்டு வாய் திறக்கக் கூடாது. தாலி ஏறட்டும், பிறகு நான் சொல்லுறன்."

புறோக்கர் தலையைச் சொறிந்தார். "அண்ணை, அப்ப அவையும்..." என்று ஏதோ இழுத்தார். நான் கேட்கவில்லை. லொறிக்கு ஐஸ் ஏற்றுகிற சத்தம் அந்தப் பக்கம்.

மனிசிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "இஞ்சாருங்கோ, சொல்லாமல் கட்டிக் குடுக்கிறது பாவமெல்லே?"

"நான் ஐஸ் விக்கேக்கை, உது உருகும் எண்டு சொல்லியோ விக்கிறனான்?"

"ஐஸ் உருகும் எண்டு வாங்கிறவனுக்குத் தெரியும்" என்றாள் அவள்.

மகள் நேரே கேட்டாள். "அப்பா, என்ரை வருத்தத்தைச் சொன்னனீங்களோ?"

"ஓம் ஓம். எல்லாம் சொல்லியாச்சு. அவைக்கு ஒரு பிரச்சினையும் இல்லையாம்."

அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. கலியாணப் பேச்சு எடுத்த நாளில் இருந்து அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பி லொறிக்காரனைக் கூப்பிட்டேன்.

பெண் பார்ப்பது கோயிலில் என்று முடிவானது. திருவிழாக் காலம், அவர்களும் கனடாவில் இருந்து வந்திருந்தார்கள். மனிசி முழங்கை வரை கை வைத்த சட்டை தைப்பித்தாள். தெறி முழுதாக மறைந்துவிட்டது. போனின் சத்தத்தையும் நிற்பாட்டச் சொன்னேன்.

"ஆபத்துச் சத்தத்தை நிப்பாட்டேலாது அப்பா. உயிருக்கெல்லோ அது கத்துறது. ஏன், தெரிஞ்ச ஆக்களுக்கு முன்னாலை என்னத்துக்கு மறைப்பான்?"

"அவைக்கில்லையடி பிள்ளை. கோயில் சனத்துக்கு."

போனை மனிசியின் கைப்பைக்குள் துவாயில் சுற்றி வைத்தோம்.

பெடியன் நல்ல உயரம், அமைதியான முகம். தாயார் என் கையைப் பிடித்து "அண்ணை, உங்களைப் பற்றி எல்லாம் கேள்விப்பட்டனாங்கள்" என்றார். எனக்குப் பிடித்துவிட்டது. கோயில் வாசலில் ஆண்கள் எல்லோரும் சேட்டைக் கழற்றினோம். எங்கள் கோயில்களில் யாருக்கும் விலக்கு இல்லை, டொக்டரும் மேலைக் காட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். பெடியன் எனக்கு முன்னால் நின்றான்.

பூசை நீண்டது. ஐயர் யாருக்கோ காத்திருந்தார். நான் தூக்கிக் கும்பிட்ட கையை இறக்கியபோது பெடியனின் இடது மேற்கை என் கண்ணுக்கு நேரே இருந்தது. பின்பக்கத்தில் ஒரு வட்டம். பசை பிடித்துச் சிவந்த விளிம்பு, உள்ளே தோல் வெளிறி, நடுவில் ஊசிமுனைப் புள்ளி ஒன்று. இந்த வட்டத்தை என் பிள்ளையின் கையில் இடமும் வலமுமாக மாறி மாறிப் பார்த்தவன் நான். உலகத்தில் எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும். அன்று காலையில்தான் கழற்றியிருக்க வேண்டும்.

மணி அடித்தது, தீபம் காட்டினார்கள். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. புறோக்கரின் தோளைப் பிடித்து வெளியே செருப்புக் கழற்றுகிற இடத்துக்குக் கொண்டு போனேன்.

"உவனுக்குச் சீனி வருத்தம்."

"ஓம் அண்ணை."

"உமக்குத் தெரியும்?"

"தெரியும். தாய்க்காரிதான் சொன்னவ. பெண் வீட்டுக்குச் சொல்லாதேங்கோ எண்டு சத்தியம் வாங்கினவ."

எனக்கு வந்த கோபத்துக்குக் கோயில் வாசல் என்பதால்தான் அவர் தப்பினார். "எட, நீர் எல்லாம் ஒரு..."

"நில்லுங்கோ அண்ணை. நீங்கள் என்ன சொன்னனீங்கள்? அவைக்குச் சொல்லாதையும் எண்டு. ரெண்டு பக்கமும் ஒண்டையே மறைக்கச் சொன்னால் நான் என்ன செய்யிறது? யோசிச்சுப் பாத்தன். செவ்வாய்க் குற்றம் உள்ள பெட்டைக்கு ஆரைக் கட்டி வைக்கிறனாங்கள்? செவ்வாய்க் குற்றம் உள்ள பெடியனை. ரெண்டு குற்றமும் ஒண்டை ஒண்டு வெட்டிப் போடும். அது மாதிரித்தான் பொருத்தினனான். ஒருத்தரும் ஒருத்தரைக் குறை சொல்லேலாது எல்லோ?"

மனிதர் இதை வெகு நேர்மையாகச் சொன்னார். தொழிலில் தான் செய்த அருமையான வேலை இது என்று நினைத்திருக்கிறார் போல. என்ன சொல்வதென்று நான் வாயைத் திறந்தபோது உள்ளே போன் அலறியது.

துவாய்க்குள் சுற்றியும் அந்தச் சத்தம் தவில் சத்தத்தை வெட்டிக்கொண்டு வந்தது. நான் ஓடினேன். நெஞ்சில் கம்பி வைத்தவன் ஓடக்கூடாது, ஓடினேன். நான் போவதற்குள் பெடியன் ஆண்கள் பக்கத்தால் குறுக்கே கடந்து பெண்கள் பக்கம் போய்விட்டான். வேட்டி மடியில் இருந்து இனிப்பு வில்லைகளை எடுத்து என் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தான்.

"எத்தினை?" என்று கேட்டான்.

மனிசி போனை எடுத்துக் காட்டினாள். "அறுபத்தொண்டு. அம்புக்குறி கீழை" என்றாள் மகள்.

"வாயிலை வைச்சுக் கரைக்காதேங்கோ, கடிச்சு மெல்லுங்கோ. இருங்கோ, நிலத்திலை இருங்கோ."

கோயில் நிலத்தில் அவள் இருந்தாள். சனம் சுற்றி நின்று பார்த்தது. பெடியனின் தாயார் வாயில் கை வைத்தபடி, "பிள்ளைக்கும் சீனியோ?" என்றார்.

மகள் இனிப்பை மென்றபடி நிமிர்ந்தாள். "உங்களுக்குத் தெரியாதோ?"

பிறகு என்னைப் பார்த்தாள். நான் கொடிமரத்தைப் பார்த்தேன்.

சீனி ஏறி அவள் தெளிந்த பிறகு, வெளி மண்டபத்துத் தூணடியில் எல்லோரும் இருந்தோம். பெடியன் தன் கையைத் திருப்பி அந்த வட்டத்தைக் காட்டினான். "கோயிலுக்குச் சேட்டைக் கழட்ட வேணும் எண்டு அம்மா விடியக் கழட்டச் சொன்னவ" என்றான்.

"ஓடி முடிஞ்சதோ?" என்று மகள் கேட்டாள்.

"இல்லை. இன்னும் நாலைஞ்சு நாள் ஓடியிருக்கும்."

"ஓடுற ஒண்டைக் கழட்டி எறிஞ்சனீங்களோ? உங்களுக்கு என்ன விசரோ?"

அவன் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் மாப்பிள்ளையைப் பைத்தியம் என்று பேசியது எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். அந்த நிமிடம் எனக்குள் ஒரு சின்ன ஆசை வந்தது. போகட்டும், ரெண்டு பேருக்கும் வருத்தம், ரெண்டு பேருக்கும் விளங்கும், இன்சூரன்ஸ் இருக்கிறது. புறோக்கர் சொன்ன கணக்கு சரியாக வந்துவிட்டால்?

"தம்பி, உங்கடை இன்சூரன்ஸ் இந்தத் தெறிக்குக் காசு குடுக்குதுதானே?" என்றேன்.

"குடுக்கும் அங்கிள். ஆனால் வருசத்துக்கு இவ்வளவுதான் எண்டு ஒரு எல்லை இருக்கு. எனக்கே அது வருசம் முடியக் காணாது. கடைசி மாதங்களிலை தெறியும் இல்லை, விரலைக் குத்திப் பாத்துக்கொண்டு திரிவன். வேலை போனால் அதுவும் போகும்."

"பெண்சாதிக்கும் செல்லும் எண்டு சொன்னவை?"

"செல்லும். அதே எல்லைக்குள்ளை."

தாயார் கண்ணைத் துடைத்தார். "அண்ணை, குறை நினையாதேங்கோ. நீங்கள் இன்சூரன்ஸ் விசாரிச்சவுடனை, என்ரை பிள்ளையின்ரை வருத்தம் உங்களுக்குத் தெரிஞ்சு போச்சாக்கும் எண்டு நான் நித்திரை கொள்ளேல்லை. பேந்து நீங்கள் பேச்சை விடேல்லை எண்டதும், பெரிய மனிசர், தெரிஞ்சும் பேசாமல் இருக்கிறார் எண்டு கும்பிட்டனான். உங்கடை ஐஸ் கொம்பனி இருந்தால் என்ரை பிள்ளைக்குக் கடைசி மாதங்களுக்கு ஒரு வழி பிறக்கும் எண்டு..."

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. நான் அவர்களுடைய இன்சூரன்ஸைப் பிடிக்க வலை வீசினேன், அவர்கள் என் ஐஸ் கொம்பனியைப் பிடிக்க வலை வீசினார்கள். அந்த மனிசியில் எனக்குக் கோபம் வரவில்லை. என்னைப் போல யோசிக்கிற ஆளை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

அடுத்த நாள் மகள் பள்ளிக்கூடம் விட்டு நேரே ஐஸ் கொம்பனிக்கு வந்தாள். ஆண்கள் வெறும் மேலோடு நிற்கிற இடம். அவளை நான் அங்கே வர விடுவதில்லை. வந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"நீங்கள் எனக்கு மாப்பிள்ளை பாத்தனீங்களோ, இன்சூரன்ஸ் பாத்தனீங்களோ?"

"ரெண்டும்தான். அதிலை என்ன பிழை?"

"என்னட்டைப் பொய் சொன்னனீங்கள்."

"சொன்னனான். உன்ரை உயிருக்கெண்டால் இன்னும் பத்துப் பொய் சொல்லுவன். நான் கண்ணை மூடினால் உனக்கு ஆரடி வாங்கித் தாறது?"

அவள் கதிரையை இழுத்து இருந்தாள். "அவர் நல்ல மனிசன். காலமையும் கதைச்சவர். நேற்று நான் சாப்பிட்டது காணாதாம், புத்தி சொல்லுறார். ஆனால் வேண்டாம் எண்டு ரெண்டு பேரும் முடிவெடுத்திட்டம். அவருக்கே அங்கை காணாது. நான் போய் அவற்றை பங்கைப் பறிக்கிறதோ?"

"பேந்து என்ன செய்யிறது?"

"கொம்பனியை வித்து ஆருக்கோ குடுக்க இருந்தனீங்கள்தானே? விக்காதேங்கோ. எனக்குத் தாங்கோ. சீதனமா வேண்டாம். நடத்த."

நான் சிரித்துவிட்டேன். "ஐஸ் கொம்பனி நடத்திறது கரும்பலகையிலை கணக்குப் போடுறது மாதிரி எண்டு நினைச்சியோ? கரண்ட் நிண்டால் என்ன செய்வாய்? அமோனியா ஒழுகினால்? படகுக்காரன் கடனுக்குக் கேட்டு வாசலிலை நிண்டு தூசணத்திலை பேசினால்?"

"பேசட்டும். எனக்கும் பேசத் தெரியும். உங்கடை பிள்ளைதானே."

நான் மேசையில் கிடந்த கடன் கொப்பியை மூடி வைத்தேன்.

இன்சூரன்ஸ் கந்தோர்த் தம்பி சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. உது விபத்தில்லை, சோறு மாதிரி. சோறு தினமும் வேண்டும் என்றால் யாரும் இன்சூரன்ஸ் எடுப்பதில்லை, உழைக்கிறான். இது எனக்குத் தெரியாத விஷயமா? தலையில் ஐஸ் சுமந்த காலத்தில் இருந்து தெரியும். ஆனால் தெரிந்ததால் என் பயம் குறையவில்லை. தொழில் முன்னைப் போல இல்லை. கரண்ட் பில்லைக் கண்டால் வயிறு எரிகிறது. கடலிலும் மீன் குறைந்துவிட்டது. இந்தக் கொம்பனி இன்னும் எத்தனை காலத்துக்கு ஒரு தெறியை வாங்கித் தரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. கொழும்புக்காரனுக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். சரியா பிழையா என்று இன்னும் தெரியவில்லை.

இப்போது அவள் பின்னேரங்களில் வருகிறாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், கடனுக்கு ஐஸ் கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், அவளிடம் அவ்வளவு பயம். படகுகள் வைத்திருக்கும் சம்மாட்டி ஒருவர் என்னிடம் வந்து, "முதலாளி, உங்கடை மகளிலும் பாக்க நீங்கள் நல்லவர்" என்றார். என் பிள்ளை என்று எல்லோருக்கும் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பழகவில்லை. ஐஸ் கட்டி அடுக்குகிற குளிரறை. அதன் சுவர் தடிப்பு, கதவு அதைவிடத் தடிப்பு. போனை உள்ளே கொண்டு போனால் குளிரில் செத்துவிடுகிறது. அதனால் என் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். கதவு மூடியதும் தெறிக்கும் போனுக்கும் இருக்கும் தொடர்பு அறுந்துவிடும். இலக்கம் இருந்த இடத்தில் வெறும் கோடு. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியாது. வெங்காயத் தோட்டம் வரும், அந்தப் பஸ் வரும்.

எழும்பிப் போய்க் கதவைத் தட்டுவேன். உள்ளே இருந்து அவள் திருப்பித் தட்டுவாள். நான் வந்து இருப்பேன். பிறகும் எழும்புவேன். வேலைக்காரர்கள் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். எனக்குப் பிறகு இந்தக் கதவைத் தட்ட யார் என்று நினைத்துக்கொண்டே நேற்றும் தட்டினேன். பதில் வரவில்லை. இன்னும் பலமாக, இரண்டு கையாலும் அடித்தேன்.

கதவு திறந்தது. மூச்சுப் புகையோடு அவள் முகம்.

"உயிரோடைதான் இருக்கிறன் அப்பா. கை ரெண்டிலையும் ஐஸ், எதாலை தட்டுறது?"

"காலாலை தட்டு" என்றேன்.

கதவை மூடிக்கொண்டு போனவள் கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே, உள்ளே இருந்து ஒரு உதை உதைத்தாள்.